மிஸ், நீங்க இதை நம்புறீங்களா?

கேள்வி: காட்பாடி பக்கத்தில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் பி.ஜி. டீச்சராக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே சபைக்குப் போகிறவள். சண்டே ஸ்கூலில் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறேன். போன மாதம் பிளஸ் டூ வகுப்பில் பரிணாமம் பாடத்தைத் தொடங்கிய அன்று, எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு மாணவி எழுந்து, “மிஸ், நீங்க இதை நம்புறீங்களா? இது நிஜம்னா ஆதியாகமம் பொய்யா?” என்று கேட்டாள். படைப்பைச் சொல்லும் பைபிளின் முதல் நூலைத்தான் சொன்னாள். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன், “அதுதான் கதை, நீ உட்காரு” என்றான். வகுப்பே சிரித்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். “பப்ளிக்ல கேள்வி வரும், மார்க்குக்காகப் படிச்சுக்குங்க” என்று சொல்லிச் சமாளித்தேன். மறுநாள் அவள் அப்பா வந்தார், சபையில் மூப்பர். “குரங்கு மனுஷனா மாறுனதை யார் பார்த்தாங்க? நிரூபிக்காத விஷயம்னு சொல்லியே நடத்துங்க” என்றார். ஹெச்.எம்., “புத்தகத்துல இருக்கறதை வாசிச்சுட்டு அடுத்த பாடத்துக்குப் போயிடுங்க” என்கிறார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? எனக்கு நானே என்ன சொல்லிக்கொள்வது?
(பெயர் வெளியிட விரும்பாத ஆசிரியை)

பதில்: “மார்க்குக்காகப் படிச்சுக்குங்க” என்றீர்களே அம்மா, அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நாளைக்கே வகுப்பில் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். மற்றவற்றை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வேலூரில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு விலங்கியல் நடத்தியே தலை நரைத்தவன் நான். பள்ளியில் “மார்க்குக்காக” பரிணாமம் படித்துவிட்டு வந்தவர்களை முதலாண்டு வகுப்பில் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். டார்வின் கப்பலின் பெயர் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். ஆனால் ஒரு மருந்துக்குக் கட்டுப்பட்ட கிருமி பத்து வருடத்தில் அதே மருந்துக்கு ஏன் அசையவில்லை என்று கேட்டால் முழிப்பார்கள். பாடம் மனதுக்குள் இறங்கவே இல்லை. அதைவிட மோசமான இன்னொன்றும் நடந்திருக்கும். டீச்சர் ஒரு மணி நேரம் நின்று சொன்னது டீச்சருக்கே உடன்பாடில்லாதது போலிருக்கிறது என்று பதினேழு வயதுப் பிள்ளை புரிந்துகொள்ளும். தன் விசுவாசம் கேள்வி கேட்டால் தாங்காது, அதனால்தான் மிஸ் பேச்சை மாற்றினார்கள் என்றும் நினைத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் நஷ்டம்.

“நம்புறீங்களா” என்ற கேள்விக்கு வருகிறேன். இதற்கு நேராகப் பதில் சொல்லலாம், ஒளிய வேண்டியதில்லை. நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: “இந்தப் பாடத்தை நம்பச் சொல்லி நான் உங்களைக் கேட்க மாட்டேன். ஆதாரம் என்ன, அதிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்று உங்களுக்குப் புரிய வேண்டும். ஆதாரத்தைப் பார்த்து நான் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறேன். நான் சபைக்கும் போகிறேன். இரண்டும் எனக்குள் எப்படி இருக்கிறது என்பதை வகுப்பு முடிந்து தனியாகக் கேட்டால் சொல்கிறேன், இங்கே அது பாடமில்லை.” இதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம். மூன்றாவது வாக்கியத்தை நீங்கள் மனதாரச் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆனால் முதல் இரண்டையும் விடவே கூடாது.

என்னிடம் படித்த ஒரு மாணவர், குடியாத்தம் பக்கத்துப் பையன், பருவத் தேர்வில் பரிணாமத்துக்கான சான்றுகளை விவரிக்கச் சொன்ன கேள்விக்கு அருமையாக எழுதியிருந்தார். ஒப்பீட்டு உடலமைப்பு, கருவளர்ச்சி, புதைபடிவம், மரபணு என்று ஒன்று விடவில்லை. கடைசியில் ஒரு கோடு போட்டு, “மேற்கண்ட எதையும் நான் ஏற்கவில்லை” என்று எழுதி அடியில் இன்னொரு கோடும் போட்டிருந்தார். முழு மதிப்பெண் போட்டேன். அந்தக் கடைசி வரிக்குக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. உங்கள் மாணவியிடமும் இந்த அளவுதான் எதிர்பார்க்க முடியும், இந்த அளவை எதிர்பார்த்தே ஆகவும் வேண்டும்.

இனி மூப்பர் கேட்டதற்கு வரலாம். “யார் பார்த்தாங்க?” நல்ல கேள்வி, கோபப்படாதீர்கள். முதலில் ஒன்றைத் திருத்துங்கள். இன்றிருக்கும் குரங்கு மனிதனாக மாறியது என்று எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஒன்று அறுபது, எழுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது, அதிலிருந்து இரு கிளைகள் பிரிந்தன என்பதுதான் செய்தி. அதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை, உண்மை. ஆனால் பார்க்காததை அறிந்துகொள்ள வழியே இல்லையா என்பதுதான் கேள்வி. இதற்கு உதாரணம் தேடி, டார்வின் ஆராய்ந்த காலபாகஸ் தீவுக்கெல்லாம் போக வேண்டாம். உங்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கரிகிரி.

1955-ல் தொடங்கிய ஷிஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மையத்தைத்தான் சொல்கிறேன். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய காலத்தோடு சேர்ந்த கதை அது. இரண்டுமே கிறிஸ்தவ ஊழியமாகத் தொடங்கிய இடங்கள் என்பதை உங்கள் மூப்பருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொழுநோய்க் கிருமியை ஹேன்சன் 1873-லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் இன்றுவரை அதை ஆய்வகத் தட்டில் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலோ ஆர்மடில்லோ என்ற அமெரிக்க விலங்கின் உடலிலோதான் வளர்க்கிறார்கள். ஒரு கிருமி இரண்டாவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும். அதன் நெருங்கிய உறவான காசநோய்க் கிருமியும் மந்தம்தான், ஆனாலும் அதற்கு ஒரு நாள் போதும், ஆய்வகத்திலும் வளரும். உறவுக்காரர்களுக்குள் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

2001-ல் விடை கிடைத்தது. பாரிஸின் பாஸ்டர் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கோலும் அவர் குழுவினரும் தொழுநோய்க் கிருமியின் முழு மரபுத்தொகுதியையும், அதாவது அதன் டி.என்.ஏ. முழுவதையும், எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கிருமி தமிழ்நாட்டு நோயாளி ஒருவரின் தோலிலிருந்து பிரித்தது. அதனால் அந்த வகைக்குப் பெயரே ‘டி.என்.’ உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் புழங்குகிறது. இதைச் சொன்னால் வகுப்பில் தூங்குகிறவனும் நிமிர்ந்து உட்காருவான்.

உள்ளே இருந்தது என்ன? காசநோய்க் கிருமியில் சுமார் 44 லட்சம் எழுத்துகள், ஏறக்குறைய 4,000 மரபணுக்கள். தொழுநோய்க் கிருமியில் சுமார் 33 லட்சம் எழுத்துகள். அதில் வேலை செய்யும் மரபணு 1,600 அளவுக்குத்தான். இன்னும் 1,100 மரபணுக்கள் இருக்கின்றன, எல்லாம் செத்தவை. நடுவில் எழுத்து விழுந்துபோய், நிறுத்தக் குறி தப்பான இடத்தில் வந்து, படிக்கவே முடியாமல் கிடக்கின்றன. அந்தச் செத்த மரபணுக்களுக்கு நேரான உயிருள்ள ஜோடி காசநோய்க் கிருமியில் இருக்கிறது. பல பகுதிகளில் அக்கம்பக்கத்து மரபணுக்களும் அதே வரிசையில் நிற்கின்றன. ஒன்றில் ஓடிக்கொண்டிருக்கும் வேலை இன்னொன்றில் நின்றுபோயிருக்கிறது, இடம் மட்டும் அப்படியே இருக்கிறது.

பழைய ஓட்டு வீடுகளில் சுவரில் விளக்கு மாடம் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அதில் யாரும் விளக்கு வைப்பதில்லை, டியூப்லைட் இருக்கிறது. ஆனால் இந்த வீடு கரண்ட் வருவதற்கு முன் கட்டியது என்று சொல்ல, கட்டியதைப் பார்த்த சாட்சி வேண்டியதில்லை. தொழுநோய்க் கிருமியின் முன்னோர்களுக்கு வெளியில் தனியாகப் பிழைக்கத் தேவையான மரபணுக்கள் இருந்தன. மனித நரம்பின் செல்லுக்குள் குடியேறிய பிறகு, தேவையானது எல்லாம் குடியிருந்த இடத்திலேயே கிடைத்தது. அப்புறம் எந்த மரபணு கெட்டாலும் கிருமி சாகவில்லை, அதனால் கெட்டவை அப்படியே வம்சத்தில் இறங்கின. தனியாக வளர்க்க முடியாததற்குக் காரணம் இதுதான். கிருமி ஏன் இவ்வளவு மெதுவாகப் பெருகுகிறது, எந்த மருந்து எங்கே பிடிக்கும், தடுப்பு மருந்து தேடுவதானால் எந்தப் புரதத்தைப் பார்க்க வேண்டும் என்று யோசிக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

மனிதனுக்கும் இப்படி ஒரு மாடம் உண்டு. ஆட்டுக்கும் நாய்க்கும் வைட்டமின் சி உணவில் வேண்டியதில்லை, உடம்பே தயாரித்துக்கொள்ளும். அதற்கான கடைசிப் படி மரபணு நமக்கும் இருக்கிறது, ஆனால் செத்துக் கிடக்கிறது. மனிதக் குரங்குகளுக்கும் பெரும்பாலான குரங்குகளுக்கும் அதே மரபணு செத்திருக்கிறது. நெல்லிக்காய், எலுமிச்சை மாதிரி வைட்டமின் சி உள்ள உணவு இல்லாமல் நாம் பிழைக்க முடியாததற்குக் காரணம் அது. உறவு என்றால் இந்த மாதிரி உறவு. மூப்பர் உட்கார்ந்து கேட்டால் இந்த இரண்டையும் அவருக்கே சொல்லுங்கள். ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மகளுக்கு என்ன சொல்லித்தருகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் போதும்.

ஒரு இடத்தில் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். உயிர்கள் எப்படி மாறிக் கிளைத்தன என்பது ஒரு கேள்வி. முதல் உயிர் எப்படி வந்தது என்பது வேறு கேள்வி. நம் பாடநூல் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பதால் பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்கள், சில ஆசிரியர்களும் குழப்புகிறார்கள். முதல் கேள்விக்கு ஆதாரம் மலைபோல் குவிந்திருக்கிறது. இரண்டாவதில் துண்டு துண்டாகத்தான் தெரியும். 1924-ல் ரஷ்ய விஞ்ஞானி ஓபாரினும் 1929-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹால்டேனும் தனித்தனியாக, ஆதிகாலக் கடலில் சாதாரண வேதிப்பொருள்களிலிருந்து உயிருக்கான மூலக்கூறுகள் உருவாகியிருக்கலாம் என்றார்கள். 1953-ல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி நான்கையும் கண்ணாடிக் குடுவையில் அடைத்து மின்பொறி பாய்ச்சினார். சில நாளில், புரதங்களைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்கள் கிடைத்தன. மில்லர் உயிரைப் படைத்துவிட்டார் என்று சில கைடுகளில் இருக்கும் தொனி தப்பு, அவர் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆதிகாலக் காற்று அவர் எடுத்துக்கொண்ட கலவைபோல் இருந்திருக்காது என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள். ஆனால் அமினோ அமிலம் உயிரில்லாமலும் உண்டாகும் என்பது நின்றது. பென்னு என்ற சிறுகோளிலிருந்து நாசா அள்ளிவந்த மண்ணில், நம் புரதங்களில் இருக்கும் 20 அமினோ அமிலங்களில் 14 இருப்பதாக 2025-ல் அறிவித்தார்கள். டி.என்.ஏ.வின் உறவு மூலக்கூறான ஆர்.என்.ஏ. தகவலைச் சுமப்பதோடு, வேதிவினையை வேகப்படுத்தும் நொதியாகவும் வேலை செய்யும் என்று 1980-களில் தெரிந்தது, அதற்கு 1989-ல் நோபல் பரிசும் கிடைத்தது. இந்தத் துண்டுகளிலிருந்து ஓர் உயிரணு முதன்முதலில் எப்படிக் கூடியது என்பதற்கு முடிவான விடை இன்னும் வரவில்லை. அதை வரவில்லை என்றே சொல்லுங்கள். விடை வராத அந்த இடத்தில்தான் கடவுள் இருக்கிறார் என்று உங்கள் மாணவி சொல்ல நினைத்தால், அதைத் தடுத்துவிடுங்கள், அவள் விசுவாசத்தின் நன்மைக்காகவே. இன்னொரு இருபது வருடத்தில் அந்த இடம் நிரம்பினால் கடவுளை எங்கே நகர்த்துவாள்?

இங்கே ஒன்றை மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். அறிவியலும் மதமும் மோதவே இல்லை, எல்லாம் ஒன்றுதான் என்று மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உலகைக் கடவுள் படைத்தாரா என்ற கேள்வியை விலங்கியல் வகுப்பு தீர்க்க முடியாது, அதற்கு அந்தக் கருவி கிடையாது. ஆனால் பூமி உண்டாகி ஆறாயிரம் ஆண்டுதான் ஆகிறது என்று யாராவது சொன்னால் அது தீர்க்கக்கூடிய கேள்வி. தீர்த்தும் ஆயிற்று. பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. உங்கள் வகுப்பு ஜன்னலிலிருந்து தெரியும் மலைகளின் பாறை சுமார் 250 கோடி ஆண்டு பழையது. பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தில் வெந்து உருவான பாறை, அதனால்தான் வேலூர் மலைகளில் எலும்பும் சிப்பியும் கிடைப்பதில்லை. திருவள்ளூர் மாவட்டம் அத்திரம்பாக்கத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த கற்கோடரிகளே 15 லட்சம் ஆண்டு பழையவை. ஆறாயிரமும் இவையும் ஒரே மேஜையில் உட்கார முடியாது.

கிறிஸ்தவர்கள் எல்லோரும் ஆறாயிரம் என்று சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், உங்கள் மாணவிக்குத் தெரியாது. அந்தக் கணக்கைப் புகழ்பெறச் செய்தவர் 17-ம் நூற்றாண்டு அயர்லாந்துப் பேராயர் அஷர். வம்ச வரலாறுகளைக் கூட்டி, படைப்பு கி.மு. 4004-ல் என்றார். அவருக்கு வெகுகாலம் முன்பே, மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர், சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது, அப்படியானால் முதல் மூன்று நாளை நாள் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறார். ஆயர் அகஸ்தீன் ஐந்தாம் நூற்றாண்டில், வானத்தையும் பூமியையும் விலங்குகளையும் பற்றி வெளியாருக்கே நன்றாகத் தெரிந்த விஷயத்தில் விசுவாசிகள் வேதத்தின் பேரால் உளறினால், வேதத்தின் மற்ற வார்த்தைகளையும் அவர்கள் நம்ப மாட்டார்கள் என்று எச்சரித்தார். போப் இரண்டாம் ஜான் பால் 1996-ல் பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்று எழுதினார். உங்கள் சபை கத்தோலிக்கச் சபை இல்லை என்று தெரிகிறது. இருந்தாலும் உங்கள் மாணவி நினைப்பதுபோல் கட்சி இரண்டே இரண்டு இல்லை என்பதைக் காட்ட இது உதவும்.

மூப்பர் சொன்ன வாதங்கள் எங்கிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரியும். யூடியூபில் தமிழில் டப் செய்து வரும் வீடியோக்கள். அமெரிக்காவில் 1925-ல் டென்னசி மாநிலத்து டேட்டன் ஊரில், பரிணாமம் நடத்தினார் என்று ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு நூறு டாலர் அபராதம் போட்டார்கள். அதிலிருந்து 2005-ல் டோவர் பள்ளி வழக்கு வரைக்கும் எண்பது வருடம் அங்கே நடந்த சண்டையின் மிச்சம் இது. நம் ஊரில் மிஷன் பள்ளிகளும் மிஷன் கல்லூரிகளும் அந்தச் சண்டையை இறக்குமதி செய்யாமலே தலைமுறை தலைமுறையாக விலங்கியல் நடத்தியிருக்கின்றன.

பின் பெஞ்சுப் பையனை மறந்துவிடாதீர்கள். நீங்கள் கடிதத்தில் அவனை ஒரு வரியில் கடந்துவிட்டீர்கள், எனக்கு அவன்தான் அதிகம் உறுத்துகிறான். வீட்டில் பெரியார் படம் மாட்டியிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் அன்று அவன் பேசியது பகுத்தறிவு இல்லை, கேலி. அவனை எழுப்பி, “பரிணாமத்துக்கு ஒரு சான்று சொல்லு, பார்ப்போம்” என்று கேளுங்கள். பெரும்பாலும் தெரிந்திருக்காது. அந்தப் பெண்ணாவது கேள்வி கேட்டாள், அவன் யாரோ சொன்னதைத் திருப்பிச் சொன்னான். வகுப்பில் யாரும் யாருடைய சாமியையும் கேலி செய்யக்கூடாது என்பதை அன்றே, அந்த நிமிடமே நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். இப்போதும் சொல்லலாம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விஷயம் சொல்லுங்கள். இன்றைய பரிணாம உயிரியலைக் கட்டியவர்களில் முக்கியமான இருவர் ஹால்டேனும் டாப்ஜான்ஸ்கியும். ஹால்டேன் கடவுளை நம்பாதவர், பொதுவுடைமைக்காரர். 1957-ல் இந்தியாவுக்கு வந்து, குடியுரிமையும் வாங்கி, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானார். டாப்ஜான்ஸ்கி ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர். 1973-ல் அமெரிக்க உயிரியல் ஆசிரியர்களுக்கான இதழில், பரிணாமத்தின் வெளிச்சத்தில் பார்க்காவிட்டால் உயிரியலில் எதுவுமே பொருள்படாது என்று எழுதினார். அதே கட்டுரையில், நான் படைப்பையும் நம்புகிறேன், பரிணாமத்தையும் ஏற்கிறேன், பரிணாமம்தான் படைப்பின் வழி என்றும் எழுதினார். ஒருவர் ஜெபிக்கிறவர், ஒருவர் ஜெபிக்காதவர். பழ ஈயின் மரபணுவைப் பற்றி இருவர் முடிவும் ஒன்றுதான்.

உங்கள் வகுப்பில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள். மேல்விஷாரம், வாணியம்பாடி பக்கத்திலிருந்து வந்த மாணவர்கள் இதே கேள்வியை என்னிடம் வேறு வேதத்தை வைத்துக் கேட்டிருக்கிறார்கள், பதில் மாறவில்லை. இந்துப் பிள்ளைகளிடமிருந்து எதிர்ப்பு வராது, அதற்குப் பதிலாக ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரும்: மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், ஆகவே தசாவதாரம்தான் டார்வின் கொள்கை என்று. கைதட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். ஆமையிலிருந்து பன்றி வந்தது என்று உயிரியல் சொல்லவில்லை, பெருமாள் இனங்கள் கிளைத்த வரலாற்றைச் சொல்ல அவதாரம் எடுத்ததாக எந்தப் புராணமும் சொல்லவில்லை. வேதத்துக்குப் பொருந்தவில்லை என்று பாடத்தைத் தள்ளுவதும், வேதத்துக்குப் பொருந்துகிறது என்று பாடத்தை ஏற்பதும் ஒரே கோளாறுதான்.

ஹெச்.எம். விஷயம் சுலபம். அவருக்குப் பயம், வேறொன்றுமில்லை. பள்ளி வாசலில் கூட்டம் வந்துவிடுமோ என்று நினைக்கிறார். கையில் பாடநூலோடு போய்ப் பேசுங்கள். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பிலேயே ‘உயிரின் தோற்றமும் பரிணாமமும்’ என்று தனி அலகு இருக்கிறது. பிளஸ் டூவில் முழுப் பாடம் இருக்கிறது. நீட் பாடத்திட்டத்திலும் இருக்கிறது. 2023-ல் மத்திய பாடநூலின் பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை எடுத்தபோது 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவில் குடிமக்களின் கடமையாகவே இருக்கிறது. மதத்தைப் பின்பற்றும் உரிமை 25-ம் பிரிவில் இருக்கிறது. இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. நீங்கள் பாடத்தைத் தாண்டி எதுவும் செய்யவில்லை, பாடத்தைச் சரியாக நடத்த அனுமதி கேட்கிறீர்கள் என்று அவருக்குப் புரிந்தால், மூப்பரிடம் அவரே பேசிக்கொள்வார்.

உங்கள் தூக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. நான் ஆயரில்லை, விலங்கியல்காரன். இறையியல் படித்த, கேள்வி கேட்டால் முகம் சுளிக்காத ஓர் ஆயரிடமோ பாஸ்டரிடமோ பேசுங்கள், வேலூரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். சண்டே ஸ்கூலில் பிள்ளைகள் டைனோசர் எந்த நாளில் படைக்கப்பட்டது என்று கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? அங்கே ஒன்று, திங்கட்கிழமை வகுப்பில் ஒன்று என்று சொல்லிவந்தால் தூக்கம் வராதுதான். ஆதியாகமம் யார் படைத்தார், ஏன் படைத்தார் என்று சொல்ல வந்தது, எத்தனை வருடத்தில் என்று சொல்ல வரவில்லை என்று அங்கேயும் உங்களால் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். சபையில் அதற்கு இடமில்லை என்றால் கொஞ்ச நாள் சண்டே ஸ்கூலில் பாட்டும் கதையும் மட்டும் எடுங்கள், படைப்பு பாடத்தை வேறொருவர் எடுக்கட்டும். பள்ளி வகுப்பை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அங்கே அந்தப் பாடத்தை எடுக்க வேறு ஆளில்லை.

அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, அவள் கேட்டது தப்பான கேள்வி இல்லை என்று முதலில் சொல்லுங்கள். வகுப்பு சிரித்தபோது தடுக்காமல் விட்டதற்கு வருத்தமும் சொல்லுங்கள், குறைந்துவிட மாட்டீர்கள். அரையாண்டு முடிந்ததும் மொத்த வகுப்பையும் திருவக்கரைக்கு அழைத்துப்போங்கள். திண்டிவனம் வழியாகப் போனால் ஒரே நாளில் திரும்பிவிடலாம். சுமார் இரண்டு கோடி ஆண்டு பழைய மரங்கள் கல்லாகி, கணுக்கள் தெரியக் கிடக்கின்றன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூங்கா அது. சின்ன பூதக்கண்ணாடி நாலைந்து எடுத்துப்போங்கள், ஒரு துண்டையும் பையில் போடக்கூடாது என்று முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். மூப்பரையும் கூட வரச் சொல்லுங்கள், பெற்றோர் ஒருவர் துணைக்கு வேண்டும் என்று ஹெச்.எம். எப்படியும் கேட்பார். பௌர்ணமி நாள் மட்டும் வேண்டாம். பக்கத்திலேயே வக்கரகாளியம்மன் கோயில், அன்று வரும் கூட்டத்தில் பஸ் நிறுத்த இடம் கிடைக்காது.